சதுர அடி விலைக்குள் என்ன இருக்கிறது: உப்புவெளியில் போட்ட ஒரு கொங்கிறீற்றுப் பாதையின் செலவுக் கணக்கு

வீட்டு வளவுக்குள் வாகனம் வந்துபோகக் கொங்கிறீற்றுப் பாதை போடப்போகிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான் விசாரிப்பார்கள். விலை சொல்லும் ஒப்பந்தக்காரரும் அதே சதுர அடியில்தான் பதில் சொல்வார். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக்குப் பாதை போட முனைந்தபோது நானும் அந்தக் கேள்வியுடன்தான் விசாரிக்கத் தொடங்கினேன். ஆனால் கிடைத்த விலைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதியபோது, அவர்கள் ஒரே பெயரால் வெவ்வேறு பொருட்களை விற்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. பாதையின் கனம், கலவை விகிதம், அடித்தளம், கம்பி, பதப்படுத்தல் (போட்ட கொங்கிறீற்றை உலரவிடாமல் ஈரமாக வைத்திருத்தல்) ஆகிய ஐந்தையும் சொல்லாமல் கூறப்படும் சதுர அடி விலையை இன்னொரு விலையுடன் ஒப்பிடவே முடியாது. அந்த ஐந்தையும் பிரித்து நாங்கள் கணக்குப் பார்த்த விதத்தையும், ஒவ்வொன்றிலும் எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாதை கேற்றிலிருந்து வீட்டு முகப்பு வரை 40 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. அதாவது 400 சதுர அடி. அதில் அன்றாடம் ஒரு காரும் முச்சக்கர வண்டியும் ஓடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மலசலகூடக் குழியைத் துப்புரவாக்கும் பௌசர் உள்ளே வந்து நிற்கும். அம்மா சக்கர நாற்காலியில் இருப்பதால், அதே பாதையில் அவரை வீதி வரை தள்ளிச்செல்லவும் வேண்டியிருந்தது. இந்த மூன்று தேவைகளையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிய பிறகுதான் விலை கேட்கப் போனேன். பாதையின் கனத்தைத் தீர்மானிப்பது பௌசர், சரிவையும் மேற்பரப்பையும் தீர்மானிப்பது சக்கர நாற்காலி என்ற தெளிவு முதலிலேயே இருந்ததால், பேரம் பேசும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதில் குழப்பம் வரவில்லை.

முதலில் சீமெந்தின் கணக்கு. கலவை விகிதம் 1:2:4 என்றால் ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலக் கல். இவற்றைக் கலந்து தண்ணீர் ஊற்றும்போது கல்லிடையே மணலும் மணலிடையே சீமெந்தும் புகுந்துவிடுவதால் மொத்தக் கனவளவு சுருங்கிவிடும். ஆகவே வேண்டிய கொங்கிறீற்றின் கன அடியை 1.54 ஆல் பெருக்கி, வரும் தொகையை விகிதத்தின் கூட்டுத்தொகையால் வகுப்பது வேலைத்தளங்களில் வழக்கம். 50 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் எவர் சொல்லும் விலையையும் மூட்டைக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம்.

எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த விலை, மூன்று அங்குலக் கனத்தையும் 1:3:6 கலவையையும் வைத்துச் சொல்லப்பட்டது என்பது பல கேள்விகளுக்குப் பிறகே வெளிவந்தது. 400 சதுர அடிக்கு மூன்று அங்குலம் என்றால் 100 கன அடி. அதற்குப் பன்னிரண்டு மூட்டைக்குச் சற்றுக் கூடுதலான சீமெந்து போதும். நடுத்தரமாகச் சொன்னவர் நான்கு அங்குலத்தையும் 1:2:4 கலவையையும் கருதியிருந்தார். அதற்கு 133 கன அடி கொங்கிறீற்றும் ஏறத்தாழ 24 மூட்டைகளும் வேண்டும். நாங்கள் இறுதியில் போட்டது ஐந்து அங்குலக் கனம், 1:1½:3 கலவை. அதற்கு 167 கன அடி கொங்கிறீற்று, சேதாரம் நீங்கலாக 37 மூட்டைக்குச் சற்றுக் கூட. ஒரு மூட்டையின் விலையை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சதுர அடிக்குள் அடங்கும் சீமெந்தின் பெறுமதி முதலாவதில் ஏறத்தாழ 62 ரூபாய், இரண்டாவதில் 117 ரூபாய், மூன்றாவதில் 187 ரூபாய். மூன்றையும் கொங்கிறீற்றுப் பாதை என்றே அழைப்பார்கள். போட்டு முடித்த மறுநாள் மேலே நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே எவர் விலை சொன்னாலும் உங்கள் கணக்கில் எத்தனை மூட்டை இறங்கும் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் உடனே சொல்வார்.

கனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவிட்ட பணத்துக்கு அதிக பயன் கிடைத்த இடம் அதுதான். தட்டையான கொங்கிறீற்றுப் பலகம் ஒன்றின் மேல் சில்லு ஏறும்போது அது வளைய முயல்கிறது. அந்த வளைவைத் தாங்கும் வலிமை கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. நான்கு அங்குலத்தை ஐந்தாக்கினால் கொங்கிறீற்றின் அளவு கால்பங்குதான் கூடும், ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். மறுபக்கம், நான்கை மூன்றாகக் குறைத்தால் கால்பங்குப் பொருள் மிச்சமாகும், ஆனால் வலிமையில் பாதிக்குச் சற்றுக் கூடவே எஞ்சும். மண் வெட்டுதல், பலகை அடித்தல், மட்டம் பார்த்தல், மேற்பரப்பை முடித்தல் ஆகிய வேலைகளின் கூலி எந்தக் கனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ஓர் அங்குலம் கூடுவதால் மொத்தச் செலவு கூடும் வீதம், கொங்கிறீற்று கூடும் வீதத்தைவிட மிகவும் குறைவாக இருக்கும். எங்கள் அளவுக்கு அந்த மேலதிக அங்குலம் என்பது ஏழரை மூட்டைச் சீமெந்து, 14 கன அடி மணல், 28 கன அடிக் கல் ஆகும். காரும் முச்சக்கர வண்டியும் மட்டுமே வரும் வளவுக்கு நல்ல அடித்தளத்தின் மேல் நான்கு அங்குலம் போதும் என்பதே என் கருத்து. பௌசரோ, மணல் ஏற்றிய டிப்பரோ ஒருமுறையேனும் உள்ளே வரக்கூடிய இடத்தில் அந்த ஓர் அங்குலத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

கம்பி வலை பற்றி மேசன் அண்ணனுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. "வலை போடாமல் கொங்கிறீற்றுப் போட்டால் வெடிக்கும், தம்பி" என்பது அவருடைய உறுதியான எண்ணம். உண்மையில் வலை வெடிப்பைத் தடுப்பதில்லை. வெடித்த இடம் விரியாமலும் ஒரு பக்கம் தாழாமலும் இறுக்கிப் பிடிப்பதே அதன் வேலை. அதையும் அது பலகத்தின் மேற்பாதியில், மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே நின்றால்தான் செய்யும். வேலைத்தளங்களில் பெரும்பாலும் வலையை நிலத்தில் விரித்துவிட்டுக் கொங்கிறீற்றைக் கொட்டி, கொக்கியால் இடையிடையே இழுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆள் அதன் மேல் மிதித்ததும் அது மீண்டும் அடிக்குப் போய்விடுகிறது. அடியில் கிடக்கும் வலைக்குக் கொடுத்த பணம் மண்ணுக்குள் போன பணம். உப்புவெளியில் இன்னொரு கவலையும் உண்டு. கடற்காற்றும் நிலத்தடி ஈரமும் உப்பைச் சுமந்து வருவதால், போதிய மூடுகனம், அதாவது மேலே மூடும் கொங்கிறீற்றுத் தடிப்பு, இல்லாத கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். சிறிய பலகங்களாகப் பிரித்து, நல்ல அடித்தளத்தின் மேல், ஐந்து அங்குலக் கனத்தில் போடும் வீட்டுப் பாதைக்கு வலை கட்டாயமில்லை. 400 சதுர அடிக்கான வலையின் விலையையும் மேலதிக அங்குலத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வலையே கூடுதலாக இருந்தது. அவர் நெடுநேரம் யோசித்து, "அப்ப கேற்றடியில மட்டுமாவது போடுவம். அங்க பழைய குழாய்க் கிடங்கை மூடின மண் இருக்கு" என்றார். அது மிகச் சரியான யோசனை. கிண்டி மூடிய மண் எவ்வளவு இறுக்கினாலும் சற்றுத் தாழக்கூடியது என்பதால் கேற்றை ஒட்டிய முதற் பலகத்துக்கு மட்டும் வலை வாங்கி, சிறு சீமெந்துக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்திப் போட்டோம்.

அடித்தளம் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் விலை குறைக்க விரும்புபவர் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான். எங்கள் பகுதியின் நிலம் வெண்மணல். மணல் நீரை வடியவிடும் நல்ல நிலம், ஆனால் பக்கங்களில் அடைப்பு இல்லாவிட்டால் பாரத்தின் கீழ் ஒதுங்கும் இயல்புடையது. கொங்கிறீற்று ஐந்து அங்குலமும் அதன் அடியில் இறுக்கும் கிரவல் நான்கு அங்குலமும் சேர்ந்து ஒன்பது அங்குலம். பாதையின் மேல்மட்டம் வளவைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதால் ஏழு அங்குலம் வெட்டினோம். 400 சதுர அடிக்கு ஏழு அங்குலம் என்றால் 233 கன அடி மண். இதை வெளியே ஏற்றி அனுப்புவதற்கும் ஒரு விலை உண்டு. பின்வளவில் மழைக்கு நீர் தேங்கும் பள்ளம் இருந்ததால் மண் முழுவதையும் அங்கே பரப்பி அந்தச் செலவைத் தவிர்த்தோம். தென்னையின் வேர்கள் குறுக்கே வந்த இடத்தில் அவற்றை முழுமையாக வெட்டி எடுத்தே ஆக வேண்டும். உள்ளே விட்ட வேர் உக்கிப்போய் வெற்றிடம் விடும்.

நான்கு அங்குலம் இறுகிய கிரவலுக்கு 133 கன அடி தேவை. ஆனால் டிப்பரில் வருவது தளர்ந்த கிரவல். இறுக்கும்போது அது சுருங்கிவிடும் என்பதால் ஒன்றேமுக்கால் கியூப் வரவழைத்தோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. டிப்பர்காரர் சொல்லும் கியூப் கணக்கை அப்படியே ஏற்காமல், பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், பொருள் நிற்கும் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து பெருக்கிப் பார்ப்பது அவசியம். எங்களுக்கு வந்த ஒரு வண்டியின் பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம். பொருள் இரண்டரை அடி உயரத்துக்கு மட்டமாக நின்றால்தான் அது ஒன்றரைக் கியூப். நடுவில் குவிந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தால் குவியலைத் தட்டி மட்டமாக்கிய பிறகே அளக்க வேண்டும். நாடாவைக் கையில் எடுப்பதைக் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. பொருள் விற்பவருக்கும் அது நியாயமான முறை. கிரவலை இரண்டு படையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் நீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த இறுக்கும் இயந்திரத்தை ஓட்டினோம். அந்த வாடகையை மிச்சம் பிடிக்க எண்ணிக் கைக்கட்டையால் இடிக்கச் சொல்பவர்கள் உண்டு. 400 சதுர அடியைக் கையால் ஒரே சீராக இடிக்க எடுக்கும் கூலி, இயந்திர வாடகையைத் தாண்டிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைப் பாதையின் குறுக்கே மண்ணுக்குள் புதைத்து, இரு முனைகளையும் மூடிவைத்தோம். பின்னாளில் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயோ, கேற் விளக்குக்கு மின்கம்பியோ கொண்டுபோக வேண்டி வந்தால் பாதையை உடைக்க வேண்டியதில்லை. மொத்தச் செலவில் இது கணக்கில் வராத அளவு சிறியது.

மணலுக்கு வருவோம். திருகோணமலையில் ஆற்றுமணலுக்குப் பஞ்சமில்லை. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கும் இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆயினும் அனுமதிப்பத்திரம் உள்ள மணலையே வாங்க வேண்டும், கடற்கரை மணலை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. கடல்மணலின் உப்பு கம்பியை அரிக்கும். அது ஒரே அளவான பொடிமணலாக இருப்பதால் கூடுதல் நீரையும் கேட்கும். வந்த ஆற்றுமணலில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் சிறிது உப்பு கலந்த நீருடன் குலுக்கி வைத்தேன். சில மணி நேரத்தில் மணல் அடியிலும் வண்டல் அதன் மேலும் படிந்துவிடும். வண்டல் மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் பயன்படுத்தக்கூடாது. எங்களுடையது அதற்கு வெகுவாகக் கீழே இருந்தது. ஈரமணல் உலர்ந்த மணலைவிடக் கால்பங்கு வரை ஊதி நிற்கும் என்பதும் செலவைத் தொடும் செய்தி. கணக்கின்படி எங்களுக்கு 70 கன அடி மணல் போதும்; ஊதலையும் சேதாரத்தையும் நினைத்து ஒரு கியூப் வாங்கினோம். கல் 140 கன அடி வேண்டியிருந்தது. ஒன்றரைக் கியூப் எடுத்தோம். சீமெந்து 40 மூட்டை.

எங்கள் ஒழுங்கை அகலம் குறைந்தது. பெரிய டிப்பர் முனையிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வளவுக்குள் கொண்டுவர லான்ட்மாஸ்டரும் இரண்டு ஆட்களும் தேவைப்பட்டனர். இந்தச் செலவு எந்த விலை மதிப்பீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒழுங்கைக்குள் வீடு உள்ளவர்கள் இதைத் தனி வரியாக எழுதிக் கேட்க வேண்டும். இதே காரணத்தால், ஆலையிலேயே கலந்த கொங்கிறீற்றைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டியும் எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்கள் தேவை 4.7 கன மீற்றர். கலவை வண்டி ஒன்று ஏறத்தாழ ஆறு கன மீற்றர் சுமக்கும். வண்டி நேரே வளவுக்குள் வந்து கொட்டக்கூடிய இடமாக இருந்து, தேவையும் ஒரு முழு வண்டியை நெருங்கினால் ரெடிமிக்ஸ் நல்ல தெரிவு என்றே சொல்வேன். விகிதம் சீராக இருக்கும், ஆட்கூலியும் குறையும். அரை வண்டிக்கு முழு வண்டிப் போக்குவரத்துச் செலவைக் கொடுப்பதும், வீதியோரத்தில் கொட்டித் தள்ளுவண்டியில் இழுப்பதும் பயனற்றவை.

எந்த மாதத்தில் போடுவது என்பதும் ஒரு செலவு விடயமே. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே வடகீழ்ப் பருவமழை. வெட்டிய கிடங்கு நீரால் நிரம்பும், ஆட்கள் வந்தும் வேலை நடக்காத நாட்களுக்குக் கூலி போகும். மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கும். அந்த உலர்ந்த வெப்பக்காற்று, கொங்கிறீற்று இறுகுவதற்கு முன்னரே அதன் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், போட்ட அன்றே மெல்லிய வெடிப்புகள் ஓடிவிடும். ஆகவே மழை ஓய்ந்து நிலம் ஈரம் காக்கும் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

கலக்கும் நாளில் நான் விடாமல் கவனித்தது இரண்டு: அளவுப் பெட்டியும் தண்ணீரும். 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் பலகையால் பெட்டி ஒன்று அடித்தால் அது சரியாக ஒன்றேகால் கன அடி, அதாவது ஒரு மூட்டைச் சீமெந்தின் அளவு. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டிக் கல். மண்வெட்டிக் கணக்கிலோ தாச்சிக் கணக்கிலோ போனால் மாலையாகும்போது விகிதம் காலையில் இருந்ததாக இராது. தண்ணீர் மூட்டைக்கு 25 லீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது என் நிபந்தனை. மணல் ஈரமாக இருந்ததால் அதிலும் சில லீற்றர் குறைத்தே ஊற்றினோம். கலவை தண்ணியாக இருந்தால் கரண்டிக்கு இலகுவாக ஓடும், ஆனால் கூடும் ஒவ்வொரு வாளியும் வலிமையைக் கரைக்கும். விலை கொடுத்து வாங்கிய சீமெந்தை இலவசத் தண்ணீரால் வீணாக்கும் இந்த வழக்கம்தான் நம் ஊர் வேலைகளில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. எங்கள் கிணற்று நீரில் உவர் இருப்பதால் அதைத் தொடவில்லை. கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரையே தாங்கியில் சேமித்துக் கலவைக்குப் பயன்படுத்தினோம்.

பாதையை 10 அடிக்கு 10 அடியாக நான்கு பலகங்களாகப் பிரித்தோம். பலகங்கள் சந்திக்கும் மூட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் கனத்தின் 24 முதல் 30 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி; ஐந்து அங்குலத்துக்கு அது பத்து அடி முதல் பன்னிரண்டரை அடி. கொங்கிறீற்று உலரும்போது கட்டாயம் சுருங்கும். எங்கே பிரிய வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அது தான் விரும்பிய இடத்தில் பிரியும். ஒரே மூச்சில் போட்டுவிட்டு அன்றோ மறுநாள் காலையோ இயந்திரத்தால் கனத்தின் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுவது ஒரு முறை. அதற்குரிய வெட்டும் இயந்திரத்தையும் ஆளையும் உரிய நேரத்தில் பிடிப்பது சிரமம் என்பதால் நாங்கள் மாற்றுப் பலக முறையைக் கையாண்டோம்: முதலாவதையும் மூன்றாவதையும் ஒரு காலையிலும், அவை இறுகிய பின் இரண்டாவதையும் நான்காவதையும் இன்னொரு காலையிலும் போட்டோம். கலவை இயந்திர வாடகையும் கூலியும் இதனால் சற்றுக் கூடின. அதற்கு ஈடாக, ஒவ்வொரு தடவையும் இருபது மூட்டைக்குள் முடிந்ததால் வெயில் ஏறுவதற்கு முன் மேற்பரப்பை நிதானமாக முடிக்க முடிந்தது, இரு பக்கமும் இறுகிய பலகங்கள் நின்ற இரண்டாவது பலகத்துக்குப் பக்கப் பலகைச் செலவும் பாதியானது.

பௌசரின் பாரம் ஒரு பலகத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது விளிம்பு தாழாதிருக்க, ஒவ்வொரு மூட்டிலும் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள, முறுக்கில்லாத வழுவழுப்பான கம்பித் துண்டுகளை 15 அங்குல இடைவெளியில் எட்டு எட்டாகக் கனத்தின் நடுவில் வைத்தோம். ஒவ்வொன்றும் 18 அங்குல நீளம். ஒரு பாதி முந்திய பலகத்தில் பதிந்திருக்கும், கிறீஸ் பூசிய மறுபாதி அடுத்த பலகம் சுருங்கும்போது வழுக்கிக் கொடுக்கும். மூன்று மூட்டுகளுக்கும் சேர்த்து ஆறு மீற்றர்க் கம்பி இரண்டே போதுமானதாக இருந்தது. வீட்டுச் சுவரையும் கேற் தூணையும் தொடும் இடங்களில் அரை அங்குல ரெஜிபோம் பட்டை வைத்துப் பிரித்தோம்.

கிரவலின் மேல் பொலித்தீன் விரித்து, அகலத்துக்கு இரண்டரை அங்குலம் வீழ்ச்சி வருமாறு தோட்டப் பக்கம் சரித்துப் பலகை அடித்தோம். அதாவது அடிக்குக் கால் அங்குலம். மழைநீர் வீட்டை நோக்கி வராது, தோட்டத்து மணல் அதை உறிஞ்சிவிடும். வீதி எங்கள் வளவைவிட எட்டு அங்குலம் தாழ்வு. சக்கர நாற்காலிக்கு ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி நீளமாவது வேண்டும் என்பதால் அந்த எட்டு அங்குலத்தையும் பத்தடிப் பலகம் முழுவதிலும் பரப்பி இறக்கினோம். கேற்றுக்கு வெளியே உள்ள கான் பிரதேச சபைக்கு உரியது. அதன் மேல் மூடி போடுவதற்கான அனுமதியை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும்.

மேற்பரப்பில் உலர்ந்த சீமெந்தைத் தூவிப் பளபளப்பாகத் தேய்த்துத் தருகிறேன் என்று மேசன் அண்ணன் அன்புடன் முன்வந்தார். வெளிப்பாதைக்கு அது ஒவ்வாது. மழையில் வழுக்கும், தூவிய தோல் சில ஆண்டுகளில் பொருக்காகக் கழன்றுவிடும். மரக்கரண்டியால் மட்டமாக்கி, மேலே ஊறிய நீர் மறைந்த பிறகு, ஈர்க்கு விளக்குமாற்றைக் குறுக்காக ஒருமுறை மெல்ல இழுத்தோம். இதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை; நாற்காலியின் சில்லும் தள்ளுபவரின் காலும் அதில் நன்றாகப் பிடித்து நிற்கின்றன.

பதப்படுத்தலை எந்த விலை மதிப்பீடும் சொல்வதில்லை, ஏனென்றால் மேசன் கூலி வாங்கிச் சென்ற பிறகு தொடங்கும் வேலை அது. சாக்குகளை நனைத்துப் போர்த்தி, மேலே பொலித்தீனை மூடி, காற்று புகாமல் ஓரங்களுக்கு மணல் வைத்தோம். ஏழு நாட்கள் சாக்கு உலரவிடாமல் காலை மாலை நீர் ஊற்றினால் கொங்கிறீற்று அதன் 28 நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்களவை எட்டிவிடும். அதன் பிறகு காரை ஏற்றலாம். பௌசருக்கு 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒரு மூட்டைச் சீமெந்தின் விலைகூட வராத தண்ணீரும் பழைய சாக்குகளும் நாற்பது மூட்டைகளின் பலனைக் காக்கின்றன. கட்டணம் கொடுக்கும்போது கூலியில் ஒரு பங்கை 28 நாட்களின் பின் தருவதாக முதலிலேயே பேசிக்கொண்டோம். மேசன் அண்ணன் அதை மனமுவந்து ஏற்றதுடன், இடையில் தானாகவே வந்து சாக்குகளைத் தூக்கிப் பார்த்துவிட்டும் போனார்.

முடிவில் கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோது சீமெந்தும் ஆட்கூலியும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டின. கல், மணல், கிரவல் மூன்றும் ஒழுங்கைக்குள் இழுத்த செலவுடன் சேர்ந்து அடுத்த பெரும்பங்கு. பலகை, பொலித்தீன், இயந்திர வாடகைகள், கம்பி, வேலையாட்களின் காலைச் சாப்பாடும் தேநீரும் எஞ்சியவை. திருகோணமலையிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருந்தும் சீமெந்துதான் பொருட்களில் மிகப் பெரிய தனி வரியாக நிற்கிறது. அதனால்தான் விலை குறைக்க வேண்டியவர் எப்போதும் மூட்டையில் குறைக்கிறார்.

கையிருப்பு உண்மையிலேயே குறைவாக இருந்தால் கனத்தையும் கலவையையும் குறைக்காமல் பரப்பைக் குறைப்பதே சரி. சில்லு ஓடும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டைகள் போட்டால் 400 சதுர அடி 200 ஆகிவிடும், நடுவில் புல் வளரலாம், மழைநீரும் இறங்கும். சக்கர நாற்காலி இல்லாத வீடாக இருந்திருந்தால் நாங்களும் அதையே தேர்ந்திருப்போம். இன்ரர்லொக் கல் பதிப்பதும் நல்லதே. தாழ்ந்த இடத்தைக் கழற்றி மீண்டும் பதிக்கலாம். ஆனால் அதற்கும் இதே அடித்தளமும், கற்கள் ஒதுங்காதிருக்க ஓரக் கட்டுகளும் தேவை என்பதால், வெண்மணல் நிலத்தில் அது மலிவான வழி என்று எண்ணி இறங்க வேண்டாம்.

இனி எஞ்சியிருப்பது மூட்டுகளை அடைக்கும் வேலை. கொங்கிறீற்றுச் சுருங்கி முடியச் சில மாதங்கள் விட்டு, இடுக்குகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, நெகிழ்ந்து கொடுக்கும் தார்க் கலவையை ஊற்ற வேண்டும். கச்சான் காலத்தில் மூட்டுகள் நன்றாக உலர்ந்திருக்கும் என்பதால் அதை ஓகஸ்ட் மாதத்துக்கு வைத்திருக்கிறேன். ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டால் நீர் மூட்டுவழி இறங்கிக் கிரவலை அரிக்காது.